போர்ட்டோ ரிக்கோக் கிளி: கூண்டில் காத்த வித்து

விளைச்சல் எவ்வளவு குறைந்தாலும் விதைநெல்லில் கை வைக்கலாகாது என்பது உழவர் அனைவரும் அறிந்தது. அவ்விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டி வைக்கலாகாது என்பதும் அனுபவசாலிகள் அறிந்ததே. எலியோ, ஈரமோ, நெருப்போ அந்த ஒரு குதிரைத் தொட்டுவிட்டால் மறு ஆண்டுப் பயிருக்கு வழியில்லாமற் போகும். ஒரு பறவையினம் முழுவதுமே இவ்வாறு ஒரு பிடி விதைநெல்லின் நிலைக்கு வந்து, பின்னர்ப் பலருடைய உழைப்பினால் மீண்டும் பெருகிய வரலாற்றை இவ்விதழில் நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அப்பறவை, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய போர்ட்டோ ரிக்கோவில் மட்டுமே பிறந்து வாழும் கிளி. 1975-ஆம் ஆண்டில் காட்டில் எஞ்சியிருந்தவை 13 பறவைகளே.

தீவும் கிளியும்

போர்ட்டோ ரிக்கோ சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. கொலம்பஸ் 1493-இல் அங்கு வந்து சேர்ந்தார். நானூறு ஆண்டுகள் ஸ்பானியர் ஆட்சியில் இருந்துவிட்டு 1898-இல் அத்தீவு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் இக்கிளியை ‘இகுவாக்கா’ என்று அழைத்தனர். பறக்கும்போது அது எழுப்பும் ஒலியே அதற்குப் பெயராயிற்று. நம் நாட்டார் காகத்திற்கும் குயிலுக்கும் பெயரிட்ட முறையும் இதுவே அன்றோ?

இது சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பறவை. நம் பச்சைக்கிளியைப் போல் நீண்டு மெலிந்த வால் இதற்கில்லை. உடல் பருத்து, வால் குறுகியிருக்கும். உடல் முழுவதும் நல்ல பச்சை. அப்பச்சையில் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கரை ஓடும். அலகுக்கு மேல் நெற்றியில் சிவப்புப் பட்டை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அமர்ந்திருக்கும்போது இவ்வளவே தெரியும். சிறகை விரித்துப் பறக்கும்போதுதான் இறகுகளின் நீலம் வெளிப்படும். நல்ல நெசவாளர் புடைவையின் உள்முந்தியில் ஒளித்து வைத்த நிறம், விரித்த பிறகு கண்ணில் படுவதைப் போன்றது அது. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. இப்பறவையை வளர்ப்போருக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

எவ்வாறு குறைந்தது?

முற்காலத்தில் இக்கிளிகள் தீவு முழுவதும் பரவியிருந்தன. அவை குறைந்ததற்கு முதற்காரணம் காடு அழிந்ததே. சமவெளியில் கரும்பும் மலைச் சரிவில் காப்பியும் பயிராயின. எஞ்சிய மரங்கள் கரிமூட்டத்திற்குச் சென்றன. 1940-களின் இறுதியில் தீவின் பரப்பில் நூற்றுக்குச் சுமார் ஆறு பங்கே காடாக இருந்தது. இக்கிளி தானே கூடு கட்டும் வழக்கமுடையதன்று. முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். எனவே இளமரங்கள் எத்தனை வளர்ந்தாலும் அதற்குப் பயனில்லை. பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிர்வதற்குப் பல தலைமுறைகள் செல்லும்.

உழவர்களும் இதற்குப் பகையாயினர். பயிரில் இறங்கிய கிளிகளைச் சுட்டனர். வேறு சிலர் வீட்டில் வளர்ப்பதற்காகக் குஞ்சுகளை எடுத்தனர். பொந்துக்கு ஏற முடியாதபோது மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். ஒரு குஞ்சுக்காக ஒரு மரம் விழுந்தால், அந்த மரத்தில் பின்வரும் ஆண்டுகளில் பிறக்க வேண்டிய குஞ்சுகள் அனைத்தும் அதனுடன் போயின. அருகிலுள்ள குலேப்ரா என்னும் சிறு தீவில் இதன் கிளையினம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது அடியோடு மறைந்துவிட்டது.

1940 அளவில் இக்கிளி தீவின் கிழக்கு மூலையிலுள்ள லூக்கியோ மலைத்தொடரில் மட்டும் ஒதுங்கிவிட்டது. அம்மலைக் காட்டின் ஒரு பகுதியை ஸ்பானிய அரசு 1876-லேயே காப்புக் காடாக அறிவித்திருந்ததால் அங்கு முதிய மரங்கள் தப்பியிருந்தன. இன்று அக்காட்டை எல் யுங்கே என்பர். ஆண்டு முழுவதும் மழை கொட்டும் இடம் அது. 1950-களின் இடையில் அங்கே சுமார் 200 கிளிகள் எண்ணப்பட்டன. 1968-இல் 24; 1975-இல் 13. பகை நெருங்காத இடமென்று கருதப்பட்ட காப்புக் காட்டினுள்ளேயே இத்தொகை சுருங்கிக்கொண்டு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தைக் காத்தால் மட்டும் பறவையைக் காத்ததாகாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பொந்தில் நடந்தது என்ன?

1968-இல் தொடங்கிய காப்பு முயற்சியில் மூன்று துறைகள் கூடின: அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை, அமெரிக்க வனத்துறை, போர்ட்டோ ரிக்கோவின் இயற்கை வளத் துறை. ஊழியர்கள் மரங்களுக்கு எதிரே மறைவிடம் அமைத்து, விடியற்காலை முதல் இருள் சூழும்வரை அமர்ந்து பொந்துகளைக் கவனித்தனர். அவர்கள் கண்டவை இவை: நல்ல பொந்துகள் அரிதாயிருந்தன. இருந்தவற்றில் சிலவற்றைத் தேனீக்கள் பற்றிக்கொண்டன. ஒருவகை ஈயின் புழுக்கள் குஞ்சுகளின் தோலுக்குள் புகுந்து அவற்றை நலிவித்தன. எல்லாவற்றிலும் பெரும் பகையாயிருந்தது மற்றொரு பறவை. மைனாவினும் சற்றுப் பெரியது, பழுப்பு நிறம், முத்துப்போல் வெளுத்த கண். ஆங்கிலத்தில் ‘திராஷர்’ எனப்படும் அது, பொந்தைத் தனக்கென விரும்பிக் கிளியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்துவந்தது.

அப்பறவையைச் சுட்டுத் தீர்க்க முடியாது; அது காடெங்கும் நிறைந்தது. ஊழியர்கள் அதன் இயல்பை ஆராய்ந்தனர். அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத ஆழமான இருண்ட பொந்தை அது விரும்புவதில்லை. கிளியோ ஆழத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே கிளிகளின் பொந்துகளை ஆழப்படுத்தினர்; ஆழமான மரப்பெட்டிகளையும் அமைத்தனர். அத்துடன் நில்லாமல், ஒவ்வொரு கிளிப்பொந்தின் அருகிலும் திராஷருக்கு ஏற்ற ஆழமில்லாத பெட்டி ஒன்றையும் வைத்தனர். அதில் குடியேறிய சோடி, தன் எல்லைக்குள் தன் இனத்தாரை அண்டவிடாமல் துரத்தியது. கிளியின் ஆழ்ந்த பொந்திலோ தானும் இறங்கவில்லை. பகைவனே காவற்காரனானான். பெரும் பணமோ அரிய கருவியோ இன்றி, பொறுமையாகக் கவனித்ததனால் கிடைத்த வெற்றி இது.

கூண்டில் விருத்தி செய்த முறை

காட்டில் இவ்வேலை நடந்துவரும்போதே 1973-இல் அம்மலையிலேயே ஒரு பறவைக் கூடம் அமைத்தனர். காட்டுப் பறவைகள் அழிந்தாலும் வித்து அழியாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். வளர்ந்த கிளிகளைப் பிடித்து அடைப்பதைவிடக் காட்டுப் பொந்துகளிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்து வளர்ப்பதே நலமென்று கண்டனர். முதல் முட்டைகளை எடுத்துவிட்டால், பெண் கிளி பலமுறை அவ்வாண்டிலேயே மறுபடி முட்டையிடும். ஆகவே காட்டுக்கும் நட்டமில்லை. கூடத்திற்கும் சிறிது முதல் சேரும்.

சிறிதளவாயிருந்த அம்முதல் எளிதில் பெருகவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமாதலால் எவற்றைச் சோடி சேர்ப்பது என்பதே முதலில் விளங்கவில்லை. இரத்தத்தைச் சோதித்து அறியும் வழி பிற்காலத்தில்தான் எளிதாயிற்று. ஆணும் பெண்ணும் என்று தெரிந்த பிறகும், நாம் சேர்க்கும் சோடியைக் கிளி ஏற்பதில்லை. தமக்குப் பிடித்த துணையுடன் கூடினாலன்றி அவை முட்டையிடுவதில்லை. இட்டாலும் பல முட்டைகள் கருவற்றுப் போகும். மூன்று நான்கு வயது நிரம்பாத பறவை இனவிருத்திக்குத் தகுதியாவதுமில்லை. இத்தடைகளினால் கூண்டிலேயே சோடி சேர்ந்து குஞ்சு பொரிப்பதைக் காண 1970-களின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது.

முட்டையிடும் பருவம் மழை சற்றுத் தணிந்திருக்கும் ஆண்டின் முற்பகுதி. ஒரு முறைக்கு இரண்டு முதல் நான்கு முட்டைகள். பெண் மட்டும் சுமார் 26 நாட்கள் அடைகாக்கும். அந்நாட்களில் ஆண் இரை தேடிவந்து அதற்கு ஊட்டும். குஞ்சுகள் கண் திறவாமல், உடலில் மயிர் அடராமல் பிறக்கும். பொந்தைவிட்டு வெளிவர ஏறக்குறைய ஒன்பது வாரமாகும். இவ்வொன்பது வாரமும் ஊழியர்களுக்கு உறக்கமில்லாத காலம். குஞ்சுகளை நிறுத்து எடை குறிப்பதும், நோயுற்றதைத் தனியே எடுத்து மருந்திடுவதும், தேறியதும் மீண்டும் தாயிடம் சேர்ப்பதும் நாள்தோறும் நடக்கும்.

செவிலித்தாய் முறையே இதில் மிகவும் பயன்பட்டது. அண்டைத் தீவாகிய ஹிஸ்பானியோலாவில் இதற்கு நெருங்கிய உறவுடைய கிளி ஒன்றுண்டு. அதுவும் பச்சை உடலினதே. நெற்றி மட்டும் வெள்ளை. அவ்வினம் இவ்வளவு அரிதன்று. ஆகவே அக்கிளிகளைக் கூடத்தில் வளர்த்து, போர்ட்டோ ரிக்கோக் கிளியின் முட்டைகளை அவற்றின் கீழ் வைத்தனர். அவை தம் முட்டைபோலவே அடைகாத்துக் குஞ்சுகளை ஊட்டி வளர்த்தன. கோழியின் கீழ் வாத்து முட்டையை வைத்துப் பொரிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. இன்று உள்ள கிளிகள் அனைத்தும் அந்தச் சில பறவைகளின் வழியில் வந்தவை. நெருங்கிய இரத்த உறவுகள் கூடினால் சந்ததி நலியும். ஆகவே ஒவ்வொரு பறவைக்கும் எண்ணிட்ட வளையம் பூட்டி, அதன் தாய், தந்தை, பாட்டன் வழியெல்லாம் பேரேட்டில் எழுதிவைத்தனர். துணை சேர்க்குமுன் அப்பேரேட்டைப் புரட்டாமல் எதுவும் செய்வதில்லை. கணக்குச் சரியாக இல்லாத சங்கம் நெடுநாள் நிற்பதில்லை என்பதை அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே குதிரின் ஆபத்து

1975-க்குப் பின் காட்டுக் கிளிகள் மெல்லப் பெருகி 1989-இல் சுமார் 47 ஆயின. அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் ‘ஹூகோ’ என்னும் சூறாவளி அம்மலையைத் தாக்கியது. ஒரே நாளில் மரங்கள் மொட்டையாயின. காற்றுக்குத் தப்பிய பறவைகளும் கனியின்றிப் பசியால் வாடின. கணக்கெடுத்தபோது கண்ணில் பட்டவை சுமார் 23. இருபது ஆண்டு உழைப்பில் பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று. கூண்டுப் பறவைகள் நல்லவேளையாகத் தப்பின. ஆனால் கூடமும் அதே மலையில்தான் இருந்தது. புயல் அங்கும் சற்று வலுவாக அடித்திருந்தால் இந்த இனத்தின் கதை அன்றே முடிந்திருக்கும்.

இந்நிலை நீடிக்கலாகாதென்று 1993-இல் இரண்டாவது கூடத்தைத் தொடங்கினர். தீவின் மறுபுறத்தில், சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த ரியோ அபாஹோ காட்டில் அமைந்த அக்கூடத்திற்கு ஹோஸே விவால்டியின் பெயரைச் சூட்டினர். முதற்கூடத்துப் பறவைகளில் ஒரு பகுதி அங்கே சென்றது. அவ்விடம் எல் யுங்கேயைப்போல் ஓயாது நனைந்துகொண்டிருப்பதன்று. கிளிகள் அங்கே முன்னினும் நன்றாகப் பெருகின. லூக்கியோவிலிருந்த பழைய கூடத்திற்குப் பதிலாக 2007-இல் புதிய கட்டடம் எழுந்தது. இரு கூடங்களிலும் புயற்காலத்தில் பறவைகளைக் கொண்டுபோய் வைக்க உறுதியான அறைகள் உண்டு.

காட்டிற்கு அனுப்புதல்

குதிரில் நெல் நிறைந்திருப்பது மட்டும் வேளாண்மை ஆகாது. அது வயலுக்குச் சென்று முளைக்க வேண்டும். கூண்டுக் கிளிகளை முதன்முதலில் 2000-ஆம் ஆண்டில் எல் யுங்கேயிலும், 2006-இல் ரியோ அபாஹோவிலும் திறந்துவிட்டனர். கூண்டில் பிறந்த பறவைக்குக் காட்டில் எதுவும் தெரியாது. எந்தக் கனியைத் தின்பது, எதைக் கண்டு அஞ்சுவது என்பவற்றைக் கற்பிக்க வேண்டும். ஆகவே பெரிய கூண்டுகளில் பல மாதம் பறக்கவிட்டுச் சிறகை வலுப்படுத்தினர். காட்டுக் கனிகளை உணவாக வைத்துப் பழக்கினர். பருந்தின் உருவத்தையும் குரலையும் காட்டி, அது தோன்றினால் அசையாமல் ஒடுங்கவோ பதுங்கவோ பயிற்றினர். பின்னர்க் கழுத்தில் சிறு ரேடியோக் கருவி பூட்டித் திறந்துவிட்டு, எங்கே செல்கின்றன என்று தொடர்ந்து கவனித்தனர். இவ்வளவு செய்தும் பல பறவைகள் பருந்துக்கு இரையாயின. ஆனால் ரியோ அபாஹோவில் விடப்பட்டவை கூடத்திற்கு அருகிலேயே சுற்றிவந்து, கூண்டிலிருந்த தம் இனத்தாரின் குரலைக் கேட்டு ஒரு கூட்டமாகத் திரண்டன. சில ஆண்டுகளுக்குள் தாமே குஞ்சு பொரிக்கலாயின.

கூண்டு வாழ்வு பறவையின் பேச்சையும் மாற்றிவிடுகிறது என்பது வியப்பான செய்தி. கிளிகள் குரலைப் பெரியவற்றிடமிருந்து கேட்டுக் கற்பவை. வெவ்வேறு கூட்டத்துக் கிளிகள் வெவ்வேறு வழக்கில் ஒலிக்கின்றன என்றும், கூண்டில் வளர்ந்தவற்றின் குரல் காட்டுக் கூட்டத்தின் குரலிலிருந்து வேறுபட்டுவிட்டது என்றும் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. உடலைக் காத்துவிடலாம், தாய்வழி வந்த பேச்சு இடையில் அறுந்தால் அதை எந்தக் கூடமும் மீட்டுத் தருவதற்கில்லை. கைத்தொழிலிலும் இதுவே நிலை. தறி இருந்தும் கற்றுத்தரும் கை இல்லையேல் அந்த வகை நெசவு மறைந்துவிடுகிறது.

மீண்டும் ஒரு புயல்

2017 செப்டம்பர் 20-ஆம் நாள் ‘மரியா’ என்னும் சூறாவளி ஹூகோவினும் கொடியதாக வந்து தீவு முழுவதையும் புரட்டியது. எல் யுங்கேயில் பறந்துகொண்டிருந்த சுமார் 50 காட்டுக் கிளிகளில் பின்னர்க் காணப்பட்டவை இரண்டு மூன்றே. ஐரோப்பியர் வருமுன்பிருந்து அம்மலையில் அறுபடாமல் தொடர்ந்துவந்த கூட்டம் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. அந்த ஒரு கூட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் முடிவு யாதென்பது வெளிப்படை. ஆனால் ரியோ அபாஹோக் கூட்டம் ஒரு பகுதியை இழந்தாலும் பெரும்பகுதி தப்பியது. இரு கூடங்களிலும் உறுதியான அறைகளில் அடைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான கிளிகள் பிழைத்தன. அவற்றின் வழிவந்த பறவைகளைக் கொண்டு 2020-இல் எல் யுங்கேயில் மீண்டும் விதைத்தனர். மேற்கு மலையிலுள்ள மரிக்காவோ காட்டில் மூன்றாவது கூட்டத்தையும் உருவாக்கினர். அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இக்கிளி இன்றும் இருக்கிறது. ஆயினும் அதன் வித்து இப்போது ஒரே குதிரில் இல்லை.

நாம் கருத வேண்டியவை

இவ்வேலையில் அரசாங்கத்தின் பணமும் அறிஞர்களின் அறிவும் பெரும்பங்கு கொண்டன. மக்களின் பங்கும் உண்டு. இக்கிளியின் உயிரணுக்களில் அடங்கிய மரபுச் செய்தி முழுவதையும் படித்தறியும் வேலையை மாயகுவேஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்டபோது, மாணவர்கள் ஓவியக் காட்சியும் ஆடைக் காட்சியும் நடத்திப் பணம் திரட்டினர். பொதுமக்கள் தத்தம் சக்திக்கேற்ப நன்கொடை அளித்தனர். 2012-இல் அவ்வேலை நிறைவேறி வெளியாயிற்று. சிறு பங்குகள் சேர்ந்து பெரிய காரியம் முடிவதை அங்கத்தினர்களாகிய நாம் நம் சங்கத்திலேயே காண்கிறோம்.

கூண்டில் வளர்ப்பது நல்லதென்று இக்கட்டுரை சொல்வதாக எவரும் எண்ணலாகாது. அழகுக்காகவோ சோதிடத்திற்காகவோ குஞ்சைப் பிடித்துச் சிறகை வெட்டி அடைப்பது வேறு. காட்டிற்குத் திருப்பியனுப்பும் நோக்கத்துடன் பேரேடு வைத்து இனத்தைப் பெருக்குவது வேறு. முன்னதன் விளைவுகளுள் ஒன்றே போர்ட்டோ ரிக்கோவில் நேர்ந்த அழிவு. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். சோளக் கதிரிலும் கம்பங் கதிரிலும் இறங்கும் கிளிகளால் நம் உழவர்களுக்கு நட்டம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அதற்குப் பரண் உண்டு, கவண் ஒலி உண்டு, தகரத் தட்டு உண்டு, துரத்தலாம். வரப்போரத்து முதிய மரத்தைப் பொந்துடன் விட்டுவைப்பதும் நம் கையில் இருப்பதே.

பதின்மூன்று பறவைகளிலிருந்து ஓர் இனத்தை மீட்க அரை நூற்றாண்டு உழைப்பும் மூன்று துறைகளின் ஒற்றுமையும் வேண்டியிருந்தன. அவ்வேலை இன்னும் முடியவில்லை. நம்மிடம் இன்று ஏராளமாக உள்ள பறவையோ, விதையோ, தொழிலோ அந்த நிலைக்கு வருமுன் காப்பது இதைவிட எவ்வளவோ எளிது. ஆகவே பாரம்பரிய நெல்வகையோ கம்பு வகையோ வீட்டில் வைத்திருக்கும் அங்கத்தினர்கள், அதில் ஒரு படியையேனும் வேறோர் ஊரிலுள்ள அங்கத்தினரிடம் கொடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.